வெயிலில் தேயும் புரதம்

பூசணி இலையிலிருந்து ஒரே அளவில் இரண்டு வட்டத் துண்டுகளை வெட்டிக்கொள்கிறார்கள். ஒன்றை வெறும் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். மற்றதை லிங்கோமைசின் கரைத்த தண்ணீரில் விடுகிறார்கள். லிங்கோமைசின் என்பது பாக்டீரியாத் தொற்றுக்கு மனிதர்களுக்குத் தரப்படும் மருந்து. அது இலைக்குள் ஊறும்வரை காத்திருந்து, பிறகு இரண்டின் மீதும் உச்சி வெயிலுக்கு ஈடான ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒளிச்சேர்க்கைத் திறனை அளந்தால், தண்ணீரில் மிதந்த துண்டு சற்றே களைத்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்தில் மிதந்த துண்டு தன் திறனில் பெரும்பகுதியை இழந்து நிற்கிறது. இதே இரண்டு துண்டுகளையும் இருட்டில் வைத்திருந்தால் இரண்டுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

இருட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பதால், மருந்து இலைக்கு நஞ்சாகவில்லை என்று தெரிகிறது. அது செய்தது ஒரே ஒரு வேலை: பசுங்கணிகத்துக்குள் புதிய புரதம் உருவாவதை நிறுத்தியது. பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த நீலப்பச்சைப் பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் ரைபோசோம்கள் இன்றும் பாக்டீரியாவின் ரைபோசோம்களையே ஒத்திருக்கின்றன. அதனால் பாக்டீரியாவுக்கு வைத்த குறி பசுங்கணிகத்தின் மீதும் விழுகிறது.

அப்படியானால் தண்ணீரில் மிதந்த துண்டில் என்ன நடந்தது? அதுவும் அதே வேகத்தில்தான் உடைந்துகொண்டிருந்தது. ஆனால் உடைய உடைய உள்ளே ஒருவர் செப்பனிட்டுக்கொண்டே வந்தார். நம் கண்ணுக்கு அமைதியாகத் தெரிகிற பச்சை இலை, பகலெல்லாம் ஓயாமல் உடைந்துகொண்டும் ஓயாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டும் இருக்கிறது. அதிக ஒளி தாவரத்தைக் கெடுக்கிறது என்று பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் செய்தி உண்மையில் இந்த ஒட்டுப்போடும் வேலையின் கதை. அந்த வேலை எப்போது பின்தங்குகிறது என்பதுதான் கேள்வி.

ஒளியின் கணக்கிலிருந்து தொடங்கலாம். மேகமில்லாத நண்பகலில், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் வினாடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் விழுகின்றன. எண்ணிக்கையாகச் சொன்னால் ஒன்றுக்குப் பின் இருபத்தொரு சுழியங்கள் போட்டால் வரும் எண்ணைவிடச் சற்று அதிகம். நெல், கோதுமை போன்ற பயிர்களின் தனி இலை இதில் பாதியை எட்டும் முன்பே பெரும்பாலும் நிறைவடைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஒளி விழுந்தாலும் சர்க்கரை கூடுதலாக உருவாகாது. அடர்காட்டின் தரையில் வளரும் செடிகளுக்குப் பத்தில் ஒரு பங்கே போதும். சோளமும் கரும்பும் வேறு வகை. அவை வெயிலை எளிதில் போதும் என்று சொல்வதில்லை. மற்றபடி பெரும்பாலான தாவரங்கள் பகலின் நடுவில் தமக்கு வேண்டியதைவிட மிகுதியான ஒளியில்தான் நிற்கின்றன. எழுந்து நிழலுக்கு நகர முடியாத உயிருக்கு இது சிறிய சிக்கல் அல்ல.

கடும் ஒளியில் ஒளிச்சேர்க்கை மங்குவதை ஆல்ஃபிரட் எவர்ட் 1896-லேயே எழுதிவைத்தார். 1940-ல் மையர்ஸ், பர் என்ற இருவர் குளோரெல்லா என்ற பாசியில் இதைப் பார்த்தார்கள். 1956-ல் பெஸ்ஸல் காக் இதை அளவுகளோடு அலசினார். ஒளியின் விளைவாக ஏதோ ஒன்று சிதைகிறது, பிறகு மெல்ல மீள்கிறது என்பது அவர் காலத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த ஏதோ ஒன்று எது என்பதற்கு விடை வேறு ஒரு திசையிலிருந்து, களைக்கொல்லி ஆய்விலிருந்து வந்தது. இப்படிக் கோணலாக வரும் விடைகளில்தான் எனக்கு அறிவியல் மீது பிடிப்பே ஏற்படுகிறது.

அட்ரசின், டையூரான் போன்ற களைக்கொல்லிகள் தாவரத்தில் எங்கே போய் உட்காருகின்றன என்று தேடியவர்கள், பசுங்கணிகத்தின் சவ்வில் இருக்கும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டார்கள். டி1 என்று இன்று அதற்குப் பெயர். அட்ரசினுக்கு மசியாத களைகள் வயல்களில் தோன்றியபோது அவற்றின் டி1 புரதத்தைப் பார்த்தார்கள். அதில் 264-ஆம் இடத்தில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசீன் இருந்தது. புரதத்தின் அமினோ அமிலங்களில் ஒன்று மாறியதே களைக்கொல்லியைச் செல்லாக்காசாக்கப் போதுமானதாக இருந்தது. இதற்கு இணையாக மற்றவர்கள் இன்னொரு விந்தையைக் கவனித்திருந்தார்கள். வெளிச்சத்தில் இருக்கும் இலை வேறெந்தச் சவ்வுப் புரதத்தையும்விட வேகமாக ஒரு புரதத்தைச் செய்துகொண்டே இருக்கிறது. ஆனால் அது இலையில் சேர்ந்து குவிவதில்லை. செய்த வேகத்திலேயே எங்கேயோ மறைகிறது. அதுவும் டி1தான். 1984-ல் கைல், ஓஹாத், ஆர்ன்ட்சன் மூவரும் கிளாமிடோமோனஸ் பாசியில் செய்த சோதனை இரண்டு நூல்களையும் முடிச்சுப் போட்டது. கடும் ஒளியில் முதலில் செயலிழப்பதும், சிதைக்கப்படுவதும், புதிதாகப் போடப்படுவதும் இந்த ஒரே புரதம்.

டி1 ஏன் இப்படிச் சபிக்கப்பட்டது என்று தெரிய, அது இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளக்கும் பகுதிக்கு இரண்டாம் ஒளித்தொகுதி என்று பெயர். இருபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் கூடிய பெரும் கட்டமைப்பு அது. அதன் நடுவில், டி1-உம் அதன் இணையான டி2-உம் கட்டிப்பிடித்திருக்கும் இடத்தில், பி680 என்ற பச்சைய மூலக்கூறுகளின் தொகுப்பு இருக்கிறது. ஒளித்துகள் ஒன்று வந்து சேர்ந்ததும் பி680 ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. இழந்த கணத்தில் அதற்கு வரும் பசி சுமார் 1.25 வோல்ட். உயிருலகில் இதைவிடக் கடும் பசியுள்ள ஆக்ஸிஜனேற்றி வேறு இல்லை. தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க இந்தப் பசி அவசியம், ஏனென்றால் தண்ணீர் எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருள் அல்ல. ஆனால் தண்ணீரையே உரித்துவிடக்கூடிய ஒன்று, பக்கத்தில் இருக்கும் புரதத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு இருக்கும் புரதம் டி1.

2011-ல் ஜப்பானில் ஷென், கமியா குழுவினர் இந்தத் தொகுதியின் படிக அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டார்கள். தண்ணீர் பிளக்கும் மையத்தில் நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்ஸிஜன் அணுக்கள் ஒரு சாய்ந்த நாற்காலியைப் போல் அமர்ந்திருப்பது அதில் தெளிந்தது. அந்த நாற்காலிக்குப் பிடிமானம் தருவதில் பெரும்பங்கு டி1-உடையது. பி680-இலிருந்து புறப்படும் எலக்ட்ரான் போய்ச் சேரும் மறுமுனையும் டி1-இல்தான். களைக்கொல்லிகள் உட்காருவது அங்கேதான். வரவும் செலவும் ஒரே புரதத்தின் வழியாக நடக்கின்றன. தேய்மானமும் அங்கேயே.

சேதம் எப்படி நேர்கிறது என்பதில்தான் சண்டை. பழைய, இன்னும் வலுவான விளக்கம் இது: எலக்ட்ரான்களை வாங்கிச் செல்லவேண்டிய அடுத்த கட்டம் நெரிசலில் இருக்கும்போது, பிரிந்த மின்னூட்டம் திரும்பிப் பின்னோக்கி வந்து சேர்கிறது. அப்படித் திரும்பிச் சேரும்போது பச்சையம் மும்மை நிலை என்ற நீண்ட நேரம் தாங்கும் கிளர்ச்சி நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் அதன் அருகில் ஆக்ஸிஜன் வந்தால், தன் ஆற்றலை அதற்குக் கொடுத்துவிடும். விளைவு, சிங்லெட் ஆக்ஸிஜன் எனும் வெறிபிடித்த ஆக்ஸிஜன். தண்ணீரைப் பிளந்து ஆக்ஸிஜனை உற்பத்தி செய்யும் இடத்திலேயே இது நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அடுப்பின் மேலேயே எண்ணெய்ச் செம்பைத் தொங்கவிட்டதுபோல. பக்கத்தில் இருக்கும் பீட்டா கரோட்டீன் இதில் ஒரு பகுதியை அணைத்துவிடும்; எல்லாவற்றையும் அல்ல.

2005-இல் இரண்டு குழுக்கள், பின்லாந்தில் ஹக்கலாவும் டீஸ்ட்யார்வியும் சேர்ந்தும் ஜப்பானில் ஓனிஷியும் அவருடன் பணியாற்றியவர்களும், வேறொரு காட்சியைக் காட்டின. எந்த நிற ஒளி அதிகம் கெடுக்கிறது என்று அலைநீளம் அலைநீளமாக அளந்தால், சேதத்தின் வளைவு பச்சையம் ஒளியை உறிஞ்சும் வளைவோடு பொருந்தவில்லை. புறஊதாவும் நீலமும் மிக அதிகமாகக் கெடுக்கின்றன. சிவப்பு ஒப்பீட்டில் குறைவாக. மாங்கனீசுச் சேர்மங்கள் ஒளியை உறிஞ்சும் வளைவோடு அது பொருந்துகிறது. எனவே முதல் அடி விழுவது தண்ணீர் பிளக்கும் மாங்கனீசு மையத்தில். அது சிதறியபின் பி680-இன் பசியைத் தணிக்க ஆளில்லாமல் மீதி நாசம் நடக்கிறது என்றார்கள். இது சரியென்றால், பச்சையம் உறிஞ்சிய மிகுதி ஒளி சேதத்தின் நேரடிக் காரணமே அல்ல. இலையின் மேல் விழுந்த ஒளியே காரணம்.

இரண்டில் எது? சிவப்பு ஒளியிலும் சேதம் நிகழ்கிறது. சிங்லெட் ஆக்ஸிஜன் வெளிப்படுவதையும் நேரடியாக அளந்திருக்கிறார்கள். ஆகவே முதல் விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. புறஊதாவின் பங்கை மாங்கனீசு இல்லாமல் விளக்கவும் முடியாது. இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன, சூழலைப் பொறுத்து எது பெரிது என்பது மாறுகிறது என்றே இந்த இலக்கியத்தைப் படிக்கும் ஒருவருக்குத் தோன்றும். ஆனால் இந்தச் சண்டையில் இரு தரப்பும் மறுக்காத ஓர் உண்மை உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

டீஸ்ட்யார்வியும் ஆரோவும் 1996-இல் வெளியிட்ட சோதனை அது. தொடக்கத்தில் சொன்ன லிங்கோமைசின் முறையைத்தான் பூசணி இலைகளில் பல ஒளி அளவுகளில் செய்தார்கள். செப்பனிடுவதை நிறுத்திவிட்டுச் சேதத்தை மட்டும் அளந்தால், சேதத்தின் வேகம் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. ஒளி இரட்டித்தால் சேதம் இரட்டிக்கும். இங்கே வரம்பு என்று ஒன்று இல்லை. இந்த அளவுக்குக் கீழே பாதுகாப்பு, இதற்கு மேல் ஆபத்து என்ற கோடு எங்கும் தெரியவில்லை. மங்கலான ஒளியிலும் இரண்டாம் ஒளித்தொகுதி உடைந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாக. உறிஞ்சப்படும் ஒளித்துகள் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை போனால் ஒரு தொகுதி பழுதாகும் என்று மதிப்பிடுகிறார்கள். இது மிகச் சிறிய விகிதமாகத் தெரியும். ஆனால் உச்சி வெயிலில் ஒவ்வொரு தொகுதிக்கும் வினாடிக்குச் சில நூறு ஒளித்துகள்கள் வந்து சேர்கின்றன. அது கடத்தக்கூடிய எலக்ட்ரான்களோ வினாடிக்கு நூறு, இருநூறு. கணக்குப் போட்டால் ஒரு தொகுதியின் ஆயுள் இருபது நிமிடத்திலிருந்து சில மணி நேரம். கடும் வெயிலில் டி1 புரதத்தின் அரையாயுள் அரை மணி நேரம் வரை இறங்கிவிடும் என்று ஆய்வகங்கள் கண்ட அளவும் இதையொட்டியே இருக்கிறது.

எனவே ‘அதிக ஒளி’ என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்புகிறது. ஒளி எந்த அளவிலும் தேய்க்கிறது. அதிகம் என்பது ஒளியின் குணம் அல்ல. செப்பனிடும் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் வார்த்தை. ஒரே வெயில், செப்பனிடும் கை வேகமாக இருக்கும் இலைக்குச் சாதாரணம், தளர்ந்திருக்கும் இலைக்கு மிகுதி.

அந்தச் செப்பனிடுதல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு சவ்வுகள் அடுக்கி வைத்த நாணயங்களைப் போல் இருக்கும் இடங்கள் உண்டு. அவற்றுக்குக் கிரானா என்று பெயர். இரண்டாம் ஒளித்தொகுதி பெரும்பாலும் இந்த அடுக்குகளின் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அந்த நெருக்கத்துக்குள் ரைபோசோம் நுழைய முடியாது. எனவே பழுதான தொகுதி அடுக்கிலிருந்து வெளியே, சவ்வின் திறந்த ஓரத்துக்கு நகர்கிறது. அங்கே அதன் வெளிப்பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். எஃப்டிஎஸ்எச் என்ற நொதி கெட்ட டி1-ஐ ஒரு முனையிலிருந்து பிடித்திழுத்துத் துண்டாக்கி விழுங்குகிறது. அதே நேரத்தில் பக்கத்தில் ரைபோசோம் புதிய டி1-ஐச் செய்துகொண்டே, பாதி செய்த நிலையிலேயே அதைச் சவ்வுக்குள் செருகுகிறது. புதிய டி1-இல் 353 அமினோ அமிலங்கள். வால் பகுதியில் ஒன்பது கூடுதல். ஒரு நொதி அந்த வாலைக் கத்தரித்துவிட்டுப் போன பின்புதான் மாங்கனீசு வந்து அமர முடியும். மாங்கனீசு நாற்காலியைக் கட்டி முடிப்பதும் ஒளியின் உதவியோடுதான் நடக்கிறது. கெடுப்பதும் ஒளி, கடைசி ஆணியை அடிப்பதும் ஒளி. பிறகு தொகுதி அடுக்குக்குள் திரும்பிப் போகிறது.

இத்தனை பெரிய கட்டமைப்பில் ஒரே ஒரு பாகத்தை மாற்றி மற்றவற்றை மீண்டும் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பஸ் டிப்போவில் வண்டியை வரவழைத்து பிரேக் கட்டையை மட்டும் மாற்றி அனுப்புவதைப் போல. டி1-இன் மரபணு பசுங்கணிகத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. பசுங்கணிகத்தின் பெரும்பாலான மரபணுக்கள் காலப்போக்கில் செல்லின் கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன, இது போகவில்லை. இரும்புக்கடையைப் பட்டறைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதன் வசதி. நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், டி1-இன் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை வைத்துக்கொண்டு, ஒளி கடுமையானால் ஒரு வகையைக் கழற்றி வேறு வகையைப் போட்டுக்கொள்கின்றன. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை காலத்தில் பரிணாமம் உடையாத டி1 ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. மாற்றிப் போடும் பட்டறையைத்தான் செம்மையாக்கியது.

பட்டறைக்கு வேலை குறைய முன்னேற்பாடுகளும் இருக்கின்றன. ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலிங்கல் வழியாக வழிந்தோடுவதைப் போல, இலை மிகுதியாக உறிஞ்சிய ஒளியை வெப்பமாக வழியவிடுகிறது. தைலகாய்டின் உட்புறத்தில் புளிப்பு ஏறுவதுதான் இதற்குச் சைகை. புளிப்பு ஏறியதும் வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி படிப்படியாக சீயாசாந்தினாக மாறுகிறது. ஒளிவாங்கிப் புரதங்கள் தங்கள் அமைப்பை மாற்றி, ஆற்றலை மையத்துக்கு அனுப்பாமல் சூடாக வெளியே தள்ளுகின்றன. சீயாசாந்தின் மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயரிலிருந்து பெயர் பெற்றது. மக்காச்சோள மணியின் மஞ்சளிலும் அது உண்டு. நம் கண்ணின் விழித்திரையில் பார்வைக் கூர்மைக்கான நடுப்புள்ளியிலும் இதே நிறமி படிந்திருக்கிறது. கடும் ஒளி வந்து விழும் இன்னோர் இடம் அது. 1987-இல் பார்பரா டெம்மிக் இந்த நிறமி மாற்றத்துக்கும் வெப்பமாய் வழிவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். 2000-இல் கிருஷ்ணா நியோகியின் ஆய்வகம் இந்தக் கலிங்கலைத் திறக்கும் புரதம் ஒன்றை அடையாளம் கண்டது.

இலைக்குள் பசுங்கணிகங்களும் நகர்கின்றன. மெல்லிய ஒளியில் அவை செல்லின் மேற்பரப்பில் பரவி நிற்கும். நீல ஒளி கடுமையானால் செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டி வரிசையாக ஒதுங்கி, ஒன்றின் நிழலில் ஒன்று நிற்கும். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மறைத்து மீதியைக் கடும் ஒளியில் வைத்தால், மறைத்த பட்டை கரும்பச்சையாகவும் மீதி வெளிறியும் தெரியும் செடிகள் உண்டு. 2002-இல் இப்படி ஒதுங்கத் தெரியாத மரபுமாற்றச் செடிகளைக் கடும் ஒளியில் வைத்தார்கள். அவற்றின் இலைகள் மற்றவற்றைவிட மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டன.

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளின் தரையில் ஒரு புளியாரை இனம் வளர்கிறது. நம் தோட்டங்களில் மண்டும் புளியாரைக்கு உறவு. பெரும்பாலும் அது மிக மங்கலான ஒளியிலேயே வாழ்கிறது. ஆனால் மரக்கிளைகளின் இடைவெளியில் சூரியன் வந்து ஒரு வெயில் திட்டு அதன் மேல் விழுந்தால், சில நிமிடங்களில் மூன்று சிற்றிலைகளும் குடை மடிவதுபோல் கீழ்நோக்கி மடிகின்றன. 1980-களின் தொடக்கத்தில் பவுல்ஸும் பியோர்க்மனும் இதை ஆராய்ந்தார்கள். மடிய விடாமல் இலையைப் பிடித்துவைத்தால் அதன் ஒளிச்சேர்க்கை சேதமடைகிறது.

இவ்வளவு காவலும் போதாதபோதுதான் பட்டறை பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலைத்தான் ஒளித்தடை என்கிறார்கள். காவலுக்கும் விலை உண்டு. வெயில் திடீரென்று மேகத்தில் மறைந்தால், திறந்த கலிங்கலை உடனே பலகை போட்டு அடைக்க இலைக்குத் தெரியவில்லை. சீயாசாந்தின் பழைய வடிவுக்குத் திரும்ப நிமிடங்கள் பிடிக்கும். சமயத்தில் இன்னும் அதிகம். அந்த நேரம் முழுவதும், ஒளி குறைவாக இருக்கும்போதும், இலை கையில் வந்ததைச் சூடாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு வயலில் மேகமும் காற்றும் இலைகளின் ஆட்டமும் சேர்ந்து ஒரு நாளில் எத்தனை முறை வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் என்று நினைத்தால் இழப்பு புரியும். இல்லினாய்ஸில் ஸ்டீபன் லாங்கின் குழுவும் நியோகியும் சேர்ந்து, கலிங்கலைத் திறந்து மூடுவதை விரைவாக்கும் மூன்று மரபணுக்களைப் புகையிலையில் சேர்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவு: வயலில் செடிகளின் உலர் எடை ஏறத்தாழ 15 சதவீதம் கூடியது. 2022-இல் சோயாவில் இதையே செய்து, ஓராண்டின் விளைச்சலில் 33 சதவீதம் வரை ஏற்றம் பார்த்ததாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பயிர் சாய்ந்துவிட்டது. ஏற்றம் தெளிவாகத் தெரியவில்லை. 2020-இல் ஜெர்மனியில் இதே மூன்று மரபணுக்களை அரபிடோப்சிஸ் என்ற சிறு செடியில் சேர்த்தவர்களுக்கு வளர்ச்சி குறையவே செய்தது.

பசியைத் தீர்க்கும் வித்தை கிடைத்துவிட்டது என்று அப்போது வந்த தலைப்புச் செய்திகளை நான் நம்பவில்லை. ஆனால் புகையிலை முடிவைப் போலி என்று ஒதுக்குவதும் தவறு. காவலை விரைவாக இறக்கினால் ஆதாயம் உண்டு என்பது காட்டப்பட்டுவிட்டது. எந்தப் பயிரில், எந்த வானத்தின் கீழ் என்பது வயல் வயலாகப் பார்க்க வேண்டிய வேலை.

பட்டறை எப்போது நிற்கிறது என்பதற்கு இப்போது வருவோம். ஒளி புரதத்தைத் தாக்குவது இயற்பியல். வெப்பநிலை இறங்கினாலும் அது குறைவதில்லை. செப்பனிடுவது உயிர்வேதியியல், குளிரில் அது மந்தமாகிவிடும். அதனால்தான் குளிரும் பளீரென்ற வெயிலும் சேர்ந்த காலைப்பொழுது வெப்பப் பகுதித் தாவரங்களுக்கு மிகக் கொடியது. ஜப்பானில் முராட்டா, நிஷியாமா குழுவினர் நீலப்பச்சைப் பாக்டீரியாவில் தொடர்ந்து செய்த சோதனைகள் இதைப் பொதுவிதியாகவே ஆக்கின. குளிர், உப்பு, வெப்பம், ஆக்ஸிஜன் நச்சுகள் என எதைக் கொடுத்தாலும் உடைக்கும் வேகம் பெரிதாக மாறவில்லை. செப்பனிடும் வேகம்தான் சரிந்தது. குறிப்பாக ஆக்ஸிஜன் நச்சுகள், புதிய புரதத்தை நீட்டிச் செல்லும் காரணிகளைத் தாக்கி ரைபோசோமை நிறுத்துகின்றன. கலிங்கலின் உண்மையான பயன்கூட இங்கேதான் இருக்கலாம்: டி1-ஐ உடையாமல் காப்பதைவிட, டி1-ஐச் செய்யும் கையைக் காப்பது.

குளிரில் இன்னொரு ஆபத்து. இரண்டாம் தொகுதியிலிருந்து வரும் எலக்ட்ரான்களை வாங்கும் முதலாம் ஒளித்தொகுதி பொதுவாக எளிதில் உடையாது. ஆனால் வெள்ளரி இலையைக் குளிரில் ஒளியில் வைத்தபோது இரண்டாவது அல்ல, முதலாவதே முதலில் பழுதானதை 1994-இல் தெராஷிமாவும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அது பழுதானால் மீள நாட்கணக்கில் ஆகும். அதற்கென்று தனிப் பட்டறை இல்லை. இதைப் பார்த்தபின் சிலர் கேட்கத் தொடங்கினார்கள்: இரண்டாம் ஒளித்தொகுதி உடைவது பழுதா, ஏற்பாடா? அது உடைந்தால் எலக்ட்ரான் ஓட்டம் குறையும். முதலாம் தொகுதிக்குச் சுமை குறையும். வீட்டில் ஃபியூஸ் போனால் கம்பி பிழைக்கும். விலை மலிந்த, எளிதில் மாற்றக்கூடிய ஒன்றை உடைய விட்டு, மாற்ற முடியாததைக் காப்பது. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகமும் வைத்திருக்கிறேன்.

வெப்பத்தில் பட்டறை நிற்பதைக் கடலில் பார்க்கலாம். பவளப்பூச்சிகளின் உடலுக்குள் வாழும் பாசிகள்தான் அவற்றுக்கு உணவு ஊட்டுகின்றன. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடேறினால், இந்தப் பாசிகளில் இரண்டாம் ஒளித்தொகுதி செயலிழப்பதை 1990-களின் இறுதியில் காட்டினார்கள். பின்னர் 2004-இல் வந்த ஆய்வு, சூடு செப்பனிடுவதைத் தடுக்கிறது என்றது. வெளிர்ந்த பவளம் என்பது பாசியை இழந்த பவளம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி 2010-லும் 2016-லும் பவளங்கள் பெருமளவில் வெளிர்ந்தன. அந்தக் கோடைகளில் சூடேறியது தண்ணீர்.

நிலத்திலும் இதை அறிந்தவர்கள் ஆய்வகத்துக்கு முன்பே இருந்தார்கள், வேறு சொற்களில். வெற்றிலைக் கொடிக்காலில் கொடியை நடுவதற்குப் பல வாரங்கள் முன்பே அகத்தியை விதைக்கிறார்கள். அகத்தி கொடி ஏறுவதற்குக் கொம்பு, அதே நேரம் நிழல். அகத்தி போதிய உயரம் வரும் முன் கொடியை வைத்தால் வெற்றிலை வெளிறிக் கருகும் என்பது கொடிக்கால்காரர்களுக்குத் தெரியும். ஏலம் காட்டு மரங்களின் அடியில் வளர்கிறது. நீலகிரியின் தேயிலைச் சரிவுகளில் சில்வர் ஓக் மரங்கள் இடையிடையே நிற்கின்றன. தேயிலை திறந்த வெயிலில் விளையும் பயிர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் செய்து 2002-இல் வெளியான ஆய்வு, நண்பகல் வெயிலில் தேயிலையின் ஒளிச்சேர்க்கை ஒளித்தடையால் சரிவதையும், நிழல் அந்தச் சரிவைக் குறைப்பதையும் அளந்து காட்டியது.

மா போன்ற மரங்களில் இளந்தளிர் செம்பழுப்பாக வருவதைப் பார்த்திருப்போம். அந்தச் சிவப்பு இளம் இலைக்கு ஒரு வெயில் மறைப்பு என்பது ஒரு கருத்து. பூச்சிகளுக்கு எதிரான எச்சரிக்கை என்பது இன்னொன்று. இன்னும் முடியாத வழக்கு அது.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நாற்றுப்பண்ணையில் பச்சை நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை வாங்கிவந்து, அடுத்த நாளே மொட்டைமாடியில் நேர் வெயிலில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நானும் வைத்திருக்கிறேன், இரண்டு நாளில் இலைகள் மேலே வெளுத்து, பழுப்பு ஏறி, ஓரம் சுருண்டுவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். நிழலில் வளர்ந்த இலைக்கு ஒளியை வாங்கும் கை பெரிது, செலவழிக்கும் திறன் சிறிது. சீயாசாந்தினாக மாற்றிக்கொள்ளும் நிறமிச் சேமிப்பும் குறைவு, பட்டறையும் சிறிது. வளர்ந்து முடித்த இலை இவற்றை ஓரளவுக்கு மேல் மாற்றிக்கொள்ள முடியாது. வெயிலில் புதிதாக வரும் இலைகளே வெயிலுக்கானவையாக வரும். அதனால் புதுச் செடியை முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். இரண்டாம் வாரம் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டுங்கள். புதுத் தளிர் இரண்டு மூன்று விட்டபின் மாடிக்குக் கொண்டுபோங்கள்.